வளையல் உடையாத கை

காலை பதினொன்றரை மணி, இருபத்தாறு பிள்ளைகள், தீப்பாய்ஞ்சம்மன் கல். இந்த மூன்றையும் பத்திரிகைக்காரர் சரியாகப் போட்டுவிட்டார். என் பெயரில்தான் கோட்டை விட்டார். அருணகிரி என்பது அருணாசலம் ஆகிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் வாத்தியார் என்றால் அருணாசலம்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அச்சில் வந்ததை நாலு பேரிடம் காட்டலாம் என்றால் அதனாலேயே வெட்கமாக இருக்கிறது. முகம் என்னுடையது, பெயர் இன்னொருவருடையது.

இருங்கள் தம்பி, பையில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் ஏரிக்கொல்லைக்கு டிக்கெட் கேட்டதும், கழுத்தில் கேமரா தொங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கல்லைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்று. அந்த ஊருக்கு வெளியாள் வேறு எதற்கு வரப்போகிறார். இதோ. முழுக்கப் பிரிக்க வேண்டாம். மடிப்பு நைந்துபோயிருக்கிறது, பிரித்தால் கிழிந்துவிடும். இப்படியே பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு கையை நீட்டி நிற்பது நான். எதிரே வரிசையாகப் பிள்ளைகள். கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பெண் மோனிஷா. அப்போது ஆறாம் வகுப்பு. மடிப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, புளியமரம்தான்.

கல்லைப் பற்றிச் சொல்கிறேன், நேரில் பார்க்கும்போது உதவும். ஏரிக்கரையில் இரண்டு கல் நிற்கிறது. ஒன்று வீரன் கல். வில்லைப் பிடித்தபடி ஓர் ஆள், மார்பில் அம்பு, காலடியில் இரண்டு மாடு. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தூண். அதில் ஆள் கிடையாது, முகம் கிடையாது. தூணிலிருந்து ஒரு கை மட்டும் புறப்பட்டு, முழங்கை மடங்கி, மேலே தூக்கியிருக்கும். கை நிறைய வளையல். விரலுக்கு நடுவில் எலுமிச்சம்பழம். உச்சியில் ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் சந்திரன். அவ்வளவுதான். புருஷனோடு தீயில் இறங்கியவளுக்கு வைத்த கல். வீரனை ஊரார் கண்டுகொள்வதில்லை. கும்பிடு எல்லாம் அந்தக் கைக்குத்தான். தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை கட்டுக்கழுத்திகள் கண்ணாடி வளையல் கொண்டுவந்து தூணுக்கு முன்னால் வைப்பார்கள். தாலி இழந்தவர்கள் புளியமரத்தைத் தாண்டி வரமாட்டார்கள். யாரும் தடுப்பதில்லை. அவர்களே நின்றுகொள்வார்கள்.

நான் அந்தப் பள்ளியில் ஒன்பது வருடம் சமூக அறிவியல் எடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. வரலாறு என்றால் பிள்ளைகளுக்குத் தூக்கம். எந்த ராஜா, எந்த வருஷம், யார் யாரை வென்றான், முடிந்தது. ஊர்க் கோடியில் இப்படி ஒரு கல் நிற்கிறதே, இதை வைத்துச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியபோது ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த யோசனை மாதிரி பேசினார்.

கல் தேய்ந்துபோனது. கோடுகள் தெரிய மாவு பூசித் துடைக்க வேண்டும். பள்ளத்தில் மாவு நிற்கும், உருவம் எழும்பும். ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதுதான். மைதா வாங்கிக்கொண்டு போனேன். பூசாரி பச்சையப்பன் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"பரோட்டா போடப் போறியா சார்?" என்றார்.

விளக்கினேன்.

"அதுக்கு மஞ்சத்தூள் ஆவாதா? அம்மனுக்கும் பூசின மாதிரி ஆச்சு, உனக்கும் தெரிஞ்ச மாதிரி ஆச்சு. ஆனா நீ தொடாத. பொண்ணுங்க பூசட்டும். வயசுக்கு வராத பொண்ணா பாத்து."

அப்படித்தான் மோனிஷாவைக் கூப்பிட்டேன். வகுப்பில் உயரமானவள். கையெழுத்து சுத்தம். எதைச் சொன்னாலும் ஒரு தடவைதான், அப்படியே பிடித்துக்கொள்வாள். அவள் மஞ்சளைக் குழைத்துப் பூசி, என் துண்டால் துடைத்தாள். ஒவ்வொரு வளையலாக எழும்பி வந்தது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. இருபது வருடம் பாடம் நடத்தியதில் அந்த மாதிரி அமைதியை நான் கேட்டதில்லை.

அங்கேயே கேள்வி பதில் மாதிரி அமைத்துக்கொண்டேன். அது என்னுடைய முறை.

"கை தூக்கியிருந்தால்?"

"தீயில் இறங்கினாள் சார்."

"வளையல் உடையாமல் இருந்தால்?"

"தாலி அறுக்கவில்லை சார்."

"எலுமிச்சம்பழம்?"

"பயப்படவில்லை சார்."

"சூரியன், சந்திரன்?"

"என்றைக்கும் பேர் நிற்கும் சார்."

எலுமிச்சம்பழத்துக்கு என்ன பொருள் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பிள்ளைகளைக் குழப்பக் கூடாது என்று நானே ஒன்றை முடிவு செய்தேன். ஒரு வாலுப்பையன் மட்டும் கையைத் தூக்கி, "அவங்க பேரு இன்னா சார்?" என்றான். தெரியாது என்றேன். "அப்ப எந்தப் பேரு சார் நிக்கும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு என்றால் அப்படி ஒருவன் இருக்கத்தான் செய்வான்.

மறுநாள் ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருக்கு ஒரு கல் வரைந்து வாருங்கள், என்ன அடையாளம் போடுவீர்கள், யோசித்துப் போடுங்கள் என்று. என்ன மாதிரி வரைந்தார்கள் தெரியுமா. ஒருவன் தாத்தாவுக்கு பீடிக்கட்டும் சண்டைச் சேவலும் போட்டான். ஒருத்தி அத்தைக்குத் தையல் மிஷின். ஒருவன் செத்துப்போன எருமைக்குக் கல் வரைந்து, அதற்கும் சூரியன் சந்திரன் வைத்திருந்தான். எல்லாவற்றையும் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். தலைமை ஆசிரியை சுந்தரவல்லி மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது ஆறாம் வகுப்பா, சுடுகாடா?" என்றார். அவர் அப்படித்தான். பாராட்டுவதென்றாலும் குத்தித்தான் பாராட்டுவார்.

மோனிஷாவுடையதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அவள் அப்பா ஏழுமலை போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன். மத்தியப் பிரதேசத்தில் குழாய் சரிந்து போய்விட்டான். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அவள் வரைந்த கல்லில் போர்வெல் வண்டி, நிமிர்ந்த கம்பம், கீழே தண்ணீர் பீறிடுகிறது, பக்கத்தில் அப்பா. அவருக்குப் பக்கத்தில் தூண், அதில் ஒரு கை. வளையல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மஞ்சள், பச்சை, சிவப்பு. அளவெல்லாம் சரியாக இருந்தது. அந்த வயதில் அளவு வராது.

"இது யார் கை?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

"அம்மா கை சார்."

"அம்மாதான் இருக்காங்களே?"

"கல்லுன்னா ஜோடியா இருக்கணுமில்ல சார்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. ஏரிக்கரையில் அப்படித்தானே இருக்கிறது. கவனித்திருக்கிறாள். ஸ்டார் போட்டுக் கொடுத்தேன். இருபத்தாறு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் ஸ்டார்.

அவள் அம்மா பரிமளா எங்கள் பள்ளியிலேயே சத்துணவில் உதவியாளர். புருஷன் போன பிறகு அந்த வேலை கிடைத்தது. முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அரிசி களையும்போது ஏதாவது முணுமுணுப்பாள், பாட்டா கணக்கா என்று தெரியாது. தை மாதக் கடைசியில் அவள் கையில் இரண்டு நீல வளையல் வந்தது. கண்ணாடி வளையல். பாத்திரம் தேய்க்கும்போது சத்தம் கேட்கும். சுந்தரவல்லி மேடம், "கைக்கு வந்தாச்சு, காதுக்கு எப்போ?" என்று கேட்டார். பரிமளா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவள் அண்ணன் ஓர் இடம் பார்த்திருக்கிறான். குப்புராஜ் என்று பெயர், பெங்களூரில் பேருந்துக்கு சீட் தைக்கிறவன். நாற்பது வயதுவரை தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனக்கென்று பார்க்காமல் விட்டவன். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரட்டும், படிக்க வைக்கிறேன் என்று அவனே சொன்னானாம். வைகாசியில் கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டு போய்விடுவது, ஊருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சு. எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை தம்பி. நான் அந்த விஷயத்தில் முற்போக்கானவன். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மாசியில் ஒரு நாள் மதியம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். பரிமளா ஒரு பக்கம் சோறு போடுகிறாள், இன்னொரு பக்கம் சமையல்கார ராக்கம்மா. மோனிஷா தன் அம்மாவின் வரிசையில் நின்றவள், முறை வரும்போது விலகி, ராக்கம்மா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். மறுநாளும் அப்படியே. ராக்கம்மா கரண்டி பெரிது, அதற்காகப் போகிறாள் என்று நினைத்தேன். "உனக்கு அங்கதான் சோறு ருசியா?" என்றுகூடக் கேட்டேன். பரிமளா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அடுத்த பிள்ளை தட்டை நீட்டும் வரை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு பரிமளா வகுப்புக்கு வந்தாள். துடைப்பம் கையில் இருந்தது. கூட்ட வந்தாள் என்று நினைத்தேன். நேரே சுவர் பக்கம் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள்.

"இது எங்கையா சார்?"

"பிள்ளை ஏதோ பாசத்துல வரைஞ்சிருக்கும்மா. நல்லா வரைஞ்சிருக்கா, பாருங்க."

"பாசம்தான் சார். நீங்க ஸ்டார் போட்டிருக்கீங்கன்னு சொன்னா." துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "பாப்பாகிட்ட விஷயத்த சொன்னேன் சார், கல்யாண விஷயத்த. அவங்க மாமாவும் கூட இருந்தாரு. அப்புறம் கேக்கறா, அப்பா பக்கத்துல உன் கைய வரைஞ்சிட்டேனே, நீ வேற வூட்டுக்குப் போனா அந்தக் கை யாருது அப்படின்னு."

நான் படத்தைப் பார்த்தேன்.

"அத்தோட வுட்டிருந்தா பரவால்ல. அவங்க போனாங்க இல்ல, நீ ஏன் போகலன்னு கேட்டா சார்."

சத்தம் போடவில்லை தம்பி. அழவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது திட்டியிருப்பேன். யாரோ தெருவில் கேட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் வரலாறைத்தாம்மா சொன்னேன்," என்றேன். "நாம எல்லாரும் அப்படிச் செய்யணும்னு சொல்லல."

"தெரியும் சார். நீங்க ஏன் சொல்லப் போறீங்க. நான் சொன்னா காதுல ஏறல. எங்க அண்ணன் சொன்னாலும் ஏறல. நீங்க சொன்னா கேப்பா. சார் சொன்னாரு, சார் சொன்னாருன்னுதான் தூக்கத்துலகூட பேசறா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அந்தப் பொம்பளை தானா போகல, புடிச்சித் தள்ளிட்டாங்கன்னு சொல்லுங்க."

"அதுக்கு ஆதாரம் இல்லம்மா."

"தானா போனான்னு இருக்கா?"

"கை தூக்கியிருக்கே. எலுமிச்சம்பழம் இருக்கே. அதெல்லாம் அடையாளம்."

"கை மட்டும்தானே சார் இருக்கு. வாய் இல்லையே."

நானும் யோசித்துப் பார்த்தேன். வரலாற்றில் ஒரு நேர்மை வேண்டும் இல்லையா. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எப்படிச் சொல்வது. அதை அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தெரியாதுன்னாவது சொல்லுங்க சார்," என்றாள். "தானா போனாங்களா, தள்ளிட்டாங்களா, எங்களுக்குத் தெரியாதுன்னு. அது போதும்."

அது சொல்லலாம். அதில் ஒரு தவறும் இல்லை. திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் கையைக் கூப்பினாள். துடைப்பத்தை எடுத்து, வகுப்பு முழுக்கக் கூட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குத்தான் வட்டாரக் கல்வி அலுவலர் வருவதாக இருந்தார். கல்லின் முன்னாலேயே பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பத்திரிகையும் வரும். கல்லின் முன்னால் வைத்துச் சொன்னால்தானே பிள்ளை மனதில் பதியும். மனதுக்குள் வாக்கியமெல்லாம் அமைத்து வைத்திருந்தேன். கேள்வி பதில் முடிந்ததும், "ஆனால் பிள்ளைகளே" என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

போனால் அங்கே ஊரே நிற்கிறது. அலுவலர் வருகிறார் என்று பச்சையப்பன் கல்லைக் கழுவிப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் ஒலிபெருக்கிகூட வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில். அலுவலருக்குப் பொன்னாடை. எனக்கும் ஒன்று. புளியமரத்துக்கு அப்பால் பரிமளா மோர்ப் பானையோடு நின்றாள். அங்கிருந்து ராக்கம்மா டம்ளரில் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பதாக ஏற்பாடு. நான் பாடம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பானைக்கு வெளியே கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது.

மோனிஷாவைக் கூப்பிட்டேன். மஞ்சள் பூசித் துடைத்தாள். நான் கேட்கக் கேட்க அவள் தனியாகவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "வளையல் உடையாமல் இருந்தால்?" என்று கேட்டபோது, ஒலிபெருக்கி இருந்ததால், அவள் குரல் ஏரியில் பட்டுத் திரும்பி வந்தது. "தாலி அறுக்கவில்லை சார்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. மரத்துப் பக்கம் பார்த்துச் சொன்னாள். அப்போதுதான் அந்தப் போட்டோ எடுத்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பச்சையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனால் பிள்ளைகளே" என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "நம்ம சாமிய சார் மாதிரி யாரும் இவ்ளோ தெளிவா எடுத்துச் சொன்னதில்ல," என்றார். நீங்களே சொல்லுங்கள் தம்பி, அதற்குப் பிறகு எங்கே ஆரம்பிப்பது. அவர்கள் சாமி அது. அலுவலர் வேறு கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளைக்கு வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு என்பது நாளைக்குத்தானே.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது ஒன்றுக்குத்தான். மோரில் பரிமளா உப்புப் போட மறந்துவிட்டாள். அலுவலர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார். பள்ளிக்குத்தானே கெட்ட பெயர். கேட்கலாம் என்று மரத்தடிக்குப் போனேன். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நல்லா சொன்னா இல்ல சார், பாப்பா," என்றாள்.

"நல்லா சொன்னாம்மா," என்றேன்.

உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அப்படியே குடித்துவிட்டேன்.

மறுநாள் பத்திரிகை வந்தது. 'நடுகல்லில் நடக்குது பாடம், அசத்தும் ஆசிரியர்' என்று தலைப்பு. வீட்டில் தேவகியிடம் கொடுத்தேன். தேவகி என் மனைவி. முழுவதும் படித்தாள். எழுத்து எழுத்தாகப் படிக்கிறவள். "செருப்பு போட்டுக்கிட்டு நிக்கிறீங்க," என்றாள். அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் வெறுங்கால், நான் மட்டும் செருப்போடு, சாமி கல்லுக்கு முன்னால். அது ஒரு வெட்கம். பிறகு அவள் பத்திரிகையை மடித்துக்கொண்டே, "ஆம்பளைக் கை தூக்கின மாதிரி எந்தக் கல்லாவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நான் முன்னாடி போயிட்டா நீங்க என்ன பண்றதுன்னு எங்கேயும் செதுக்கி வைக்கல, அப்படித்தானே," என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடித்தது அவள்தான். அந்த மடிப்புதான் இது.

வகுப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அடுத்த நாள் மாதிரித் தேர்வு தொடங்கியது. அதற்கு அடுத்த வாரம் தேர்தல் பயிற்சிக்குப் போட்டுவிட்டார்கள். நேரம் என்று ஒன்று வேண்டும். ஒரு நாள் மோனிஷா தனியாகக் கிடைத்தாள், கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கல்லைப் பற்றி நமக்குத் தெரியாத விஷயமும் உண்டு, தெரியுமா," என்று ஆரம்பித்தேன். "தேர்வுக்கு வருமா சார்?" என்று கேட்டாள். வராது என்றேன். "சரி சார்," என்று சொல்லிவிட்டுத் துடைத்தாள். பிள்ளைகளுக்குத் தேர்வுதான் பெரிது. நம் கல்வி முறை அப்படி.

பிள்ளைகள் தெருவில் அந்தக் கேள்வி பதிலை விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள் என்று சுந்தரவல்லி மேடம் சொன்னார். ஒருவன் கேள்வி கேட்பான், மற்றவர்கள் கோரஸாகப் பதில் சொல்வார்கள். பரிமளா தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போதும் சொல்லியிருக்கிறார்கள். அவளைப் பார்த்துச் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் எப்போதும் சொல்கிறார்கள், அவள் அந்த நேரத்தில் போயிருக்கிறாள். "உங்க பாடம் நல்லா பரவிடுச்சு சார்," என்றார் மேடம். மேடம் பேச்சு உங்களுக்குத் தெரியுமே, சொன்னேனே.

படத்தை நான்தான் சுவரிலிருந்து எடுத்தேன். எல்லாப் படங்களையும் எடுத்தேன், அதை மட்டும் எடுத்ததாக இருக்கக் கூடாது என்று. எருமைப் படத்துக்காரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மோனிஷா தன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் அப்பா போட்டோவுக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஸ்டார் தெரியும்படி.

சித்திரையில் பரிமளா பெங்களூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம், வேண்டாம் என்று. அவள் அண்ணன் பள்ளிக்கு வந்தான், கோடை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால். என்னைத் தேடித்தான் வந்தான் என்று நினைத்து நான் கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன். அவன் தங்கையின் சம்பளப் பாஸ்புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்தவன். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்," என்று கேட்டுவிட்டுப் போனான். யாருமே என்னை ஒன்றும் கேட்கவில்லை தம்பி. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

மாறுதல் நானாகக் கேட்டு வாங்கியது. ஏரிக்கொல்லை தூரமாக இருந்தது. இப்போது இருப்பது அதைத் தாண்டி, மலை அடிவாரம். இன்றைக்கு மாதிரி டவுனில் வேலை முடிந்து மதியம் திரும்பும் நாளில், இந்த வண்டியே அங்கே போகும். ஆனால் இது ஏரிக்கொல்லைப் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நிற்கும், மதியம் சோறு போடுகிற நேரத்துக்குச் சரியாக. அதனால் நான் அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, மினி பஸ் பிடித்து, மேற்கே சுற்றிக்கொண்டு போவேன். அதிகமில்லை, ஒரு மணி நேரம் கூடுதலாகும். நடை கொஞ்சம் உண்டு. காலுக்கு நல்லது.

அதைக் கொடுங்கள், பையில் வைக்கிறேன். மெதுவாக. இல்லை, அந்தப் பக்கத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னேனே. சரி, பார்த்துவிட்டீர்கள். ஆமாம், மரத்துக்குக் கீழே தெரிவது மோர்ப் பானைதான். பானைமேல் இருப்பது கை. நீல வளையல் பத்திரிகையில் கறுப்பாக விழுந்திருக்கிறது.

நீங்கள் இறங்கியதும் இடது பக்கம் நேரே நடந்தால் ஏரிக்கரை. கல்லைத் தொட வேண்டுமானால் பச்சையப்பனிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், என்னை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். பரிமளா என்று ஒருத்தி கொண்டுவந்து கொடுப்பாள். என்னைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். இருந்தாலும் வேண்டாம்.

ஒரு கெடுதலும் நடந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதையோ நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மாறுதல் வருவதற்கு முன்னால் நானே என் கண்ணால் பார்த்தேன். 2019 ஜூன் 3, திங்கட்கிழமை, பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் இருபத்தாறு பேரும் வந்திருந்தார்கள். மதியம் சாம்பார் சாதமும் முட்டையும். பரிமளா கையில் வளையல் இல்லை. மோனிஷா அம்மாவின் வரிசையில் நின்று, தட்டை அவளிடமே நீட்டினாள்.